கால்பந்து ஆசான் ரகீம்

மரத்தின் மலரைப் புகழ்வோர் பலர். கனியைச் சுவைப்போர் பலர். மண்ணுள் மறைந்து நின்று மரத்தைத் தாங்கும் வேரை நினைப்போர் மிகச் சிலர். விளையாட்டு உலகிலும் இதுவே நிலை. பந்தைக் கோலுக்குள் செலுத்திய வீரனைக் கூட்டம் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. அவ்வீரனை அந்நிலைக்கு ஆளாக்கிய ஆசானோ, ஆரவாரம் கேளாத ஓரிடத்தில் அமைதியாக நிற்கிறார்.

சென்னை மாநகரத்துப் பெரிய பள்ளியாயினும், எலவனாசூர்கோட்டை போன்ற ஊரின் பள்ளியாயினும், மாலை மணி அடித்தவுடன் மாணவர் பந்துடன் திடலுக்கு விரைந்தோடும் காட்சி ஒன்றேயாகும். அத்திடலின் ஓரத்தில், ஊதலைக் கையிற் பிடித்தபடி, ஒவ்வொரு மாணவனின் ஓட்டத்தையும் உதையையும் கூர்ந்து நோக்கும் ஆசிரியர் ஒருவரையும் நாம் காண்கிறோம். அவ்வாறு திடலோரத்தில் நின்று பழகிய பள்ளி ஆசிரியர் ஒருவர், இந்தியக் கால்பந்து அணியை ஆசியக் கண்டத்தின் தலைமை நிலைக்கு இருமுறை உயர்த்தினார். அவரே ஐதராபாத் நகரத்துச் சையத் அப்துல் ரகீம் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் ஐதராபாத் நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதனை அடுத்த செகந்தராபாத்தில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்திருந்தது. படைவீரர் ஓய்வு நேரங்களிற் கால்பந்து ஆடுவர். சுற்றுப்புறத்துச் சிறுவர் எல்லைக் கோட்டருகே நின்று அதனைக் கண்டு களிப்பர். பின்னர்த் தெருவிலும் திடலிலும் தாமே ஆடத் தொடங்குவர். இவ்வாறு அயலாரிடமிருந்து வந்த ஆட்டம், சில ஆண்டுகளில் அந்நகரத்து இளைஞரின் உயிர்த்துடிப்பாயிற்று.

1918-ஆம் ஆண்டு அங்கு உஸ்மானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. உருது மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டு உயர்கல்வி அளிக்க முன்வந்த பெருமை அதற்கு உண்டு. ரகீம் அப்பல்கலைக்கழகத்திற் கலைப் பிரிவில் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவிலும் சிறந்த ஆட்டக்காரராக விளங்கினார். பின்னர், அப்பல்கலைக்கழகத்தின் மாணவரும் பழைய மாணவரும் கூடி அமைத்த குழுவிலும், நகரத்தின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றான கமர் கழகத்திலும் ஆடினார். ஆயினும், ஆட்டக்காரராக அவர் ஈட்டிய புகழ் ஐதராபாத் வட்டாரத்துப் புகழே. அவர் பெயர் நாடெங்கும் பரவியது அவருடைய கால்களால் அன்று. மற்றவர் கால்களுக்கு அவர் கற்பித்த கல்வியினாலேயாம்.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்ற ரகீம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, உருது ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி ஆகியவற்றில் அவர் பணியாற்றினார். இடையில் உடற்பயிற்சிக் கல்வியிற் பட்டயம் பெற்றார். அதன்பின் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

வகுப்பறையில் நாற்பது மாணவர் இருப்பின், நாற்பது வகையான மனமும் அறிவும் அங்கே இருக்கும். ஒருவனுக்குக் கணக்கு எளிதாகும். மற்றொருவனுக்கு மொழி எளிதாகும். ஒருவன் கடிந்துரைத்தால் திருந்துவான். வேறொருவன் கடிந்துரைத்தால் வாடிவிடுவான். இவ்வேறுபாடுகளை அறிந்து அவரவர்க்கு ஏற்றவாறு கற்பிப்பவரே நல்லாசிரியர். வகுப்பறையிற் கற்ற இவ்வுண்மையை ரகீம் விளையாட்டுத் திடலுக்கும் எடுத்துச் சென்றார். பிற்காலத்தில் அவர் நாட்டின் தலைசிறந்த வீரர்க்குப் பயிற்சி அளித்தபோதும், பள்ளி ஆசிரியருக்குரிய கண்டிப்பும் பரிவும் அவரை விட்டு நீங்கவில்லை.

அந்நாளில் இந்தியாவிற் கால்பந்துப் பயிற்சி என்பது பெரும்பாலும் ஓட்டமும் உடற்பயிற்சியுமாகவே இருந்தது. ஆட்டத்தை ஒரு கலையாகப் பகுத்தாராய்ந்து கற்பிக்கும் வழக்கம் அரிதாக இருந்தது. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த நொடியிற் பந்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டும், பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே ஓட வேண்டும் என்பனவற்றைக் கரும்பலகையிற் பாடம் விளக்குவது போல் விளக்கியவர் ரகீம்.

காவற்படைக் குழுவின் எழுச்சி

1940-களின் தொடக்கத்தில் ரகீம் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். பின்னர், ஐதராபாத் நகரக் காவற்படைக் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளரானார். கால்பந்து என்றால் கல்கத்தா என்று நாட்டினர் எண்ணியிருந்த காலம் அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் முதலிய கழகங்களின் புகழ் வானளாவி நின்றது. தென்னாட்டுக் குழுவொன்று அவற்றை எதிர்த்து நிற்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆயின், 1950-ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற தூரந்து கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஐதராபாத் காவற்படைக் குழு மோகன் பகான் குழுவை வென்றது. பம்பாயில் நடைபெற்ற ரோவர்சு கோப்பைப் போட்டியிலோ, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அக்குழுவே வாகை சூடியது. ஒருமுறை வெல்வது நற்பேறாகவும் இருக்கலாம்; ஐந்து ஆண்டுகள் இடையறாது வெல்வது பயிற்சியின் பயனேயாகும்.

அப்பயிற்சியின் இயல்பை இங்கே சிறிது அறிந்துகொள்வது நன்று. படைவீரரிடமிருந்து நம்மவர் கற்ற பழைய ஆட்டமுறையில், பந்தை நெடுந்தொலைவு உதைத்துவிட்டு அதன்பின் விரைந்தோடுவதே பெரும்பான்மையாக இருந்தது. உயரமும் உடல் வலிமையும் மிக்கவர்க்கே அது பொருந்தும். நம் நாட்டு வீரர் பலர் மெலிந்த உடலினர். ஆனால் விரைவும் நெளிவும் உடையவர். ஆதலின், பந்தைத் தரையோடு தரையாகக் குறுகிய தொலைவுக்கு அனுப்பி, ஒருவர் காலிலிருந்து மற்றொருவர் காலுக்கு நொடிப்பொழுதில் மாற்றிக்கொண்டே முன்னேறும் முறையை ரகீம் வளர்த்தார்.

இம்முறை கைவர வேண்டுமாயின், இரண்டு குறைகள் நீங்க வேண்டும். முதலாவது குறை, ஒரு காலை மட்டுமே நம்பி ஆடுவது. வலக்காலால் மட்டும் உதைக்கத் தெரிந்தவன், பந்து இடப்பக்கம் வந்தால் உடலைத் திருப்பிக்கொள்ளக் காலம் எடுத்துக்கொள்வான். அதற்குள் எதிரி அவனை நெருங்கிவிடுவான். இக்குறையைப் போக்க, பழக்கமில்லாத காலாலேயே பந்தை ஆட வேண்டும் என்னும் விதியுடன் ரகீம் தனிப் போட்டிகளை நடத்தினார். இரண்டாவது குறை, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்ல முயலும் ஆசை. காண்போர்க்கு அது இனிதாக இருப்பினும், குழுவின் விரைவை அது குறைத்துவிடும். அதனைப் போக்க, அவ்வாறு பந்தைத் தனித்து உருட்டிச் செல்லுதலைத் தடை செய்யும் போட்டிகளையும் அவர் நடத்தினார். குறையைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொள்வதோடு நில்லாமல், ஆட்டத்தின் விதியையே மாற்றி அமைத்துக் குறையை நீக்கிய இம்முறை, சிறந்த ஆசிரியர் ஒருவரின் சிந்தனையிலேயே தோன்றக்கூடியது.

முதல் தங்கமும் ஒரு பெருந்தோல்வியும்

ஐதராபாத்தில் ஒளி வீசிய இத்திறமை இந்திய அணிக்கும் தேவைப்பட்டது. 1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடைபெற்றன. சைலேன் மன்னா தலைமை தாங்கிய இந்தியக் கால்பந்து அணிக்கு ரகீம் பயிற்சியாளராக இருந்தார். இந்தோனேசியாவையும் ஆப்கானிசுதானத்தையும் மும்மூன்று கோல்களால் வென்ற நம் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா வெற்றி பெற்றுத் தங்கப் பதக்கத்தை அடைந்தது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளும் நிறைவுறாத நாட்டுக்கு அவ்வெற்றி பெருமகிழ்ச்சி அளித்தது.

ஆனால் வெற்றிக் களிப்பு நீடிக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகரான எல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. இந்திய அணி யுகோசுலாவிய அணியை எதிர்த்து ஆடியது. நம் வீரருட் பலர் பூட்ஸ் அணியாது, வெறுங்காலுடன் ஆடினர். நம் நாட்டு வறண்ட திடல்களில் வெறுங்காலால் பந்தை நுட்பமாக ஆள்வது அவர்களுக்குக் கைவந்த கலை. குளிர்ந்த வடநாட்டு மண்ணில், பூட்ஸ் அணிந்து மோதிய வலிய எதிரிகளுக்கு முன் அக்கலை பயன்படவில்லை. யுகோசுலாவியா பத்துக் கோல்கள் அடித்தது. இந்தியா ஒன்றே அடித்தது. அந்த யுகோசுலாவிய அணி அவ்வொலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற பேரணி என்பது உண்மையே. ஆயினும், 10-1 என்னும் தோல்வி நாட்டினர் உள்ளத்தை வருத்தியது.

தோல்வியைக் கண்டு துவள்வது ஒரு வகை. பிறர்மேற் பழி சுமத்தித் தப்புவது மற்றொரு வகை. தோல்வியிடமே பாடம் கேட்பது மூன்றாவது வகை. எல்சிங்கியிற் பெற்ற பாடத்தினால் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வீரர் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று விதித்தது. ரகீமோ ஆட்டமுறையையே மீண்டும் ஆராயத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பாவில் அங்கேரி நாட்டு அணி புதிய முறையொன்றைக் கையாண்டு புகழ் பெற்றது. முன்னணியின் நடுவே நிற்க வேண்டிய வீரர் சற்றுப் பின்வாங்கி நிற்பார். அவரைக் காக்க வந்த எதிரி, அவருடன் முன்னேறுவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று தடுமாறுவான். அத்தடுமாற்றத்தால் உண்டாகும் இடைவெளியிற் பிற முன்னணி வீரர் புகுந்துவிடுவர். 1953-ஆம் ஆண்டு அங்கேரி அணி இம்முறையால் இங்கிலாந்தை அதன் சொந்தத் திடலாகிய வெம்பிளியிலேயே 6-3 என்ற கணக்கில் வென்றது. இப்புதிய முறையை இந்திய வீரர்க்கு ஏற்றவாறு அமைத்துக் கற்பித்தார் ரகீம்.

மெல்போர்னிற் பெற்ற பெருமை

1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் ஆசுதிரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடைபெற்றன. சமர் பானர்ஜி தலைமையிற் சென்ற இந்திய அணியில் ரகீமிடம் பயின்ற ஐதராபாத் வீரர் பலர் இடம்பெற்றிருந்தனர். முதற் சுற்றில் எதிர்த்து ஆட வேண்டிய அங்கேரி அணி வராமையால், இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. அச்சுற்றிற் போட்டி நடத்தும் நாடாகிய ஆசுதிரேலியாவையே எதிர்க்க நேர்ந்தது. தம் மக்கள் முன்னிலையில் ஆடிய அவ்வணியை இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசௌசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசிய வீரர் அவரே. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை அடைந்த முதல் ஆசிய நாடு என்னும் பெருமையும் இந்தியாவுக்கு உரியதாயிற்று.

அரையிறுதியில் நம் அணியை எதிர்கொண்டது அதே யுகோசுலாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் அடித்த அவ்வணி, இம்முறை முற்பாதி முழுவதும் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. பிற்பாதியின் தொடக்கத்தில் டிசௌசா ஒரு கோல் அடித்து இந்தியாவை முன்னணியில் நிறுத்தினார். அதன் பின்னரே யுகோசுலாவிய வீரர் விழித்தெழுந்து நான்கு கோல்கள் அடித்து வென்றனர். மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்திற் பல்கேரியாவிடம் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. பதக்கம் கிட்டவில்லையெனினும், 10-1 என்னும் கணக்கையும் 4-1 என்னும் கணக்கையும் அருகருகே வைத்து நோக்குவோர், இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சியை உணர்வர்.

வீரரைத் தேடிய விழிகள்

நல்ல விதையை அறிந்து எடுப்பது உழவனின் முதற் கடமை. ஆற்றல் எங்கே மறைந்து கிடப்பினும் அதனைக் கண்டறியும் விழி ரகீமுக்கு இருந்தது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். எளிய குடும்பத்துப் பிள்ளையாகிய அவர், காலணி வாங்கவும் வசதியற்ற நிலையிற் கால்பந்து ஆடி வந்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரகீம் அவரைத் தம் பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் ஐதராபாத்துக்குச் சென்று வருவதற்கும் பொருளில்லை என்று இளைஞர் தயங்கியபோது, அதற்கும் ரகீமே வழி செய்து கொடுத்தார். அவ்விளைஞர் மெல்போர்ன், உரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

ஐதராபாத்திற் பிறந்த மற்றொரு தமிழர் பீட்டர் தங்கராசு. இளமையிலேயே படையிற் சேர்ந்த அவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தின் குழுவில் ஆடினார். முதலில் முன்னணி வீரராக ஆடிய தங்கராசு, பின்னர் கோல் காப்பாளராக மாறினார். நெடிதுயர்ந்த உருவமும் நீண்ட கைகளும் கொண்ட அவர் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளருள் ஒருவராக மதிக்கப்பட்டார். வங்காளத்தின் பி. கே. பானர்ஜி, சுனி கோசுவாமி, பஞ்சாபின் ஜர்னைல் சிங் ஆகியோரும் ரகீமின் அணியில் ஒளிவிட்டனர். மொழியாலும் சமயத்தாலும் ஊராலும் வேறுபட்ட இவர்களை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல் இணைத்தமையே அவருடைய பயிற்சியின் உயிர்நிலை எனலாம்.

1960-ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் இந்தியா கடும் எதிரிகளைச் சந்தித்தது. பின்னர் வெண்கலப் பதக்கம் பெற்ற அங்கேரியிடம் 2-1 என்ற கணக்கிலேயே தோற்றது. அவ்வாட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். பிரான்சு நாட்டு அணியுடன் ஆடிய ஆட்டம் 1-1 எனச் சமமாக முடிந்தது. பெருவிடம் தோற்றதால் நம் அணி மேற்சுற்றை அடையவில்லை. ரகீமின் மகன் அக்கீமும் உரோம் சென்ற அணியில் ஒருவர். ஆயினும், அவர் எந்த ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. பயிற்சியாளரின் மகன் என்பதற்காக ஓரிடம் ஒதுக்கப்படவில்லை. திறமையை அளக்கும் கோல் யாவர்க்கும் ஒன்றாகவே இருந்தது.

சகார்த்தாச் சோதனை

ரகீமின் வாழ்வில் தலைசிறந்த வெற்றி 1962-ஆம் ஆண்டு இந்தோனேசியத் தலைநகராகிய சகார்த்தாவில் நடைபெற்ற நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் விளைந்தது. அவ்வெற்றிக்கு முன் அவர் கடக்க வேண்டியிருந்த சோதனைகள் பல.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என்ற கணக்கில் வென்றது. 1956, 1960 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கோப்பையை வென்ற வலிய அணி அது. அடுத்த ஆட்டத்தில் இந்தியா தாய்லாந்தை 4-1 என வென்றது. ஆனால் அவ்வாட்டத்திற் பின்காப்பு அரணாகிய ஜர்னைல் சிங்கின் தலையிற் பெருங்காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது. தங்கராசோ காய்ச்சலால் வாடினார். அவருக்கு மாறாகப் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இவ்வளவு இடர்களுக்கு இடையிலும் இந்தியா சப்பானை 2-0 என வென்று அரையிறுதியை அடைந்தது.

இந்நிலையில் ரகீம் துணிவான முடிவொன்றை எடுத்தார். பின்காப்பில் ஆடிய ஜர்னைல் சிங்கை முன்னணியின் நடுவிடத்தில் நிறுத்தினார். தலையிற் கட்டுடன் நிற்கும் வீரனை, தலையால் பந்தை முட்ட வேண்டிய இடத்தில் நிறுத்துவதா என்று எவரும் ஐயுறுவர். ஆனால் ஜர்னைல் சிங்கின் உடல் வலிமையையும் உள்ள உறுதியையும் ரகீம் நன்கறிந்திருந்தார். அரையிறுதியில் இந்தியா தென்வியத்துநாமை 3-2 என வென்றது. சுனி கோசுவாமி இரண்டு கோல்களும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். ஆசானின் கணிப்புப் பொய்க்கவில்லை.

திடலுக்கு வெளியே வேறொரு புயல் வீசியது. இந்தோனேசிய அரசு இசுரேலியரையும் தைவான் நாட்டினரையும் போட்டிகளுக்கு வரவிடாது தடுத்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பிற் பொறுப்பு வகித்த இந்தியராகிய ஜி. டி. சோந்தி இதனை எதிர்த்தார். அதனாற் சினங்கொண்ட கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினர். நகரெங்கும் இந்தியருக்கு எதிரான உணர்ச்சி பொங்கியது. நம் வீரர் வெளியிற் செல்லவும் அஞ்ச வேண்டிய நிலை உண்டாயிற்று. விளையாட்டு வீரர் செய்த குற்றம் ஏதுமில்லை. ஆயினும் வெறுப்பின் சுமையைத் தாங்க வேண்டியவர் அவர்களாயினர்.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவில் ரகீம் தம் வீரரை அழைத்துப் பேசினார். அவரோ அப்பொழுதே நோயுற்றிருந்தார். அவருடைய நுரையீரலிற் புற்றுநோய் வேர்கொண்டிருந்தது. தமக்கென எதையும் கேட்டறியாத அவ்வாசான், மறுநாள் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாக அளிக்குமாறு அன்று தம் மாணவரிடம் வேண்டினார். அவ்வேண்டுகோளை அவ்வீரர் தம் முதுமையிலும் மறக்கவில்லை.

செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் சகார்த்தாவின் செனாயன் விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் கூடியிருந்தனர். இந்திய நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோதும் அவர்தம் கூச்சல் ஓயவில்லை. இந்திய வீரர் பந்தைத் தொட்டபோதெல்லாம் இகழ்ச்சி ஒலி எழுந்தது. அப்பெருங்கூட்டத்தின் இடையே சிலர் மட்டும் இந்தியாவுக்கு ஊக்கமளித்து ஆரவாரித்தனர். அவர்கள் யாவர்? அப்போட்டிகளில் வளைகோற்பந்தில் இந்தியாவை வென்று தங்கப் பதக்கம் பெற்றிருந்த பாகிசுதான் வீரரே அவர்கள்! களத்தில் எதிரியாக நின்றவர், துன்பத்தில் தோழராக நின்றனர். விளையாட்டின் உண்மையான பண்பை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நோய் நீங்கிய தங்கராசு மீண்டும் கோலைக் காக்க வந்தார். எதிரே நின்றது முதல் ஆட்டத்தில் வென்ற அதே தென்கொரியா. நால்வர் பின்னும், இருவர் நடுவிலும், நால்வர் முன்னுமாக நிற்கும் அணிவகுப்பை இந்தியாவிற் கையாண்ட முன்னோடியாகிய ரகீம், தம் வீரரை அதற்கேற்ப நிறுத்தினார். ஆட்டம் தொடங்கி ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலையிற் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். தென்கொரிய வீரர் அலையலையாக எழுந்து தாக்கினர். இந்தியப் பின்காப்பும் தங்கராசின் கைகளும் கரையென நின்று அவற்றைத் தடுத்தன. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கொரியா ஒரு கோல் அடித்தது. எஞ்சிய நிமிடங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊழியாகக் கழிந்தன. இறுதியில் நடுவரின் ஊதல் ஒலித்தது. இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்றது! ஆசான் வேண்டிய பரிசை மாணவர் அளித்துவிட்டனர்.

மறைவும் நினைவும்

சகார்த்தாவிலிருந்து திரும்பிய ரகீமின் உடல்நிலை நாளுக்கு நாள் நலிந்தது. புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. வெற்றி பெற்ற பத்துத் திங்களுக்குள், 1963-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 53. பரிசு கேட்ட இரவில் அவருக்கு எஞ்சியிருந்த காலம் அவ்வளவே.

அவர் மறைந்தபின் இந்தியக் கால்பந்து பழைய உயரத்தை எட்டவில்லை. 1970-ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் நம் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அவ்வணிக்குப் பயிற்சி அளித்தவருள் ஒருவர் ரகீமின் மாணவராகிய பி. கே. பானர்ஜி. அருண் கோசு முதலிய பிற மாணவரும் பயிற்சியாளராகி ஆசானின் வழியிற் பணியாற்றினர். ஆனால் 1962-ஆம் ஆண்டுக்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிற் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை. 1960-ஆம் ஆண்டுக்குப் பின் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக் களத்திலும் இடம்பெறவில்லை.

நெடுங்காலம் ரகீமின் பெயர் பொதுமக்கள் நினைவிலிருந்து மறைந்திருந்தது. கால்பந்தை நன்கறிந்தவர் மட்டுமே அவரைப் போற்றி வந்தனர். 2024-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் தழுவிய இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது, இளந்தலைமுறையினர் பலர் முதன்முறையாக அவரைப் பற்றி அறிந்தனர். வேரை நினைக்க நாம் எடுத்துக்கொண்ட காலம் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மாணவர்களே! ரகீம் சகார்த்தாவில் ஒரு கோலும் அடிக்கவில்லை. பந்தைக் காலால் தொடவும் இல்லை. ஆயினும் அவ்வெற்றி அவருடையதே என்று கோல் அடித்தவர்களே போற்றினர். பலராமின் வறுமையையும், ஜர்னைல் சிங்கின் உறுதியையும், தங்கராசின் உயரத்தையும் தனித்தனியே அறிந்து, அவரவர்க்குரிய இடத்தை அளித்து, அனைவரையும் ஓர் அணியாக்கியது அவருடைய பணி. பெருந்தோல்வியிற் பாடம் கற்றதும், வெறுப்புச் சூழ்ந்தபோது அமைதி காத்ததும், நோய் வருத்தியபோதும் கடமையிற் பிறழாமையும் அவர் விட்டுச் சென்ற செல்வங்கள். நாளை நீங்கள் திடலில் ஆடும்போது, உங்களுக்குப் பழக்கமில்லாத காலாலும் ஒருமுறை பந்தை உதைத்துப் பாருங்கள். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் தோழனுக்கு அனுப்பிப் பாருங்கள். திடலோரத்தில் நிற்கும் உங்கள் ஆசிரியரையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஐதராபாத் ஆசானுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.